நாற்பது கைகள் உயர்ந்த வாக்கெடுப்பு

அனுப்புநர்
கோ. சுவாமிநாதன்,
ஓய்வுபெற்ற சார்பதிவாளர்,
(மகன் அனிருத் இல்லம்),
இர்விங், டெக்சாஸ்.

பெறுநர்
டாக்டர் கஸ்தூரிரங்கன் அவர்கள்,
தலைவர், வட்டாரத் தமிழ் மன்றம்,
காப்பெல்.

பொருள்: 6.12.1997 கூட்டத்தில் ஒரே தீர்மானம் நிறைவேறியும் தோற்றும் போனது – மறு வாக்கெடுப்பு கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் வெளியூர் சென்றிருந்ததால், வயதில் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைத் தலைமை நாற்காலியில் அமர்த்தினார்கள். நூலகத்தில் கூட்ட நடைமுறைக் கையேடு ஒன்றை இரவல் பெற்று, இரண்டு முறை படித்துவிட்டே அமர்ந்தேன். பிழை நூலினுடையது அன்று.

2. கார் ஓட்டத் தெரியாத ஒன்பது முதியோரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துவர உறுப்பினர்கள் முறைவைத்துக் கார் அனுப்ப வேண்டும் என்று திருமதி நாகமணி முன்மொழிந்தார். இர்விங்கிலிருந்து விழா மண்டபத்துக்குப் பேருந்து கிடையாது. அந்த ஒன்பது பேரும் விழாவில் வில்லுப்பாட்டு நிகழ்த்த இரண்டு மாதமாகத் தொலைபேசியிலேயே ஒத்திகை பார்க்கிறோம். 'பார்க்கிறோம்' என்றதால் என் சுயநலமும் வெளிப்பட்டுவிட்டது, மன்னிக்கவும்.

3. வழிமொழிபவர் ஒருவர் போதும் என்றேன். மரியாதை கருதிப் பதினான்கு பேர் வழிமொழிந்தார்கள். எல்லாக் கார்களும் குடும்பத்தாராலேயே நிரம்பிவிடும் என்று திரு. சேனாபதி எதிர்த்தார். அவருக்கும் கை தட்டினார்கள்.

4. வந்திருந்தோர் இருபத்து நால்வர். ஆதரவாக இருபத்தொரு கைகள் உயர்ந்தன, எதிராகப் பத்தொன்பது. என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் எண்ணினேன். அதே நாற்பது. இருமுறை தூக்கியவர்களுள் ஒருவரான திருமதி ரெபெக்காவிடம் தயங்கித் தயங்கி விளக்கம் கேட்டேன். "நாகமணி ஆன்ட்டி வீட்லயும் சாப்பிட்டிருக்கோம், சேனாபதி அங்கிள் வீட்லயும் சாப்பிட்டிருக்கோம். யாருக்கு அங்கிள் நோ சொல்றது? நீங்களே ரெண்டு தடவையும் கை தூக்கினீங்களே!" என்றார். அவர் சொன்னது உண்மை. எண்ணும்போது விரல் நீட்டினேன் என்று சமாளித்தேன். அது முழு உண்மை அன்று.

5. அவை சிரித்ததில் ஒழுங்கு குலைந்தது. மேசையைத் தட்டினேன், சாப்பாட்டுக்கு அழைப்பதாக எண்ணி அனைவரும் எழுந்து போய்விட்டார்கள். செயலாளர் திரு. நஞ்சுண்டன், 'கார் அனுப்பப்படும். அனுப்பப்படாது' என்று குறிப்பேட்டில் எழுதி, என்னிடம் கையொப்பமும் பெற்றுக்கொண்டார். நல்ல புளியோதரை. அந்த ருசியில் நானும் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

6. இந்நிலையில் எந்தக் காரும் வராது என்பதே என் அச்சம். வில் மட்டும் மேடையேறும். பாடுவோர் வீட்டில் இருப்போம்.

ஆகவே, விழாவுக்கு முன் சீட்டு முறையில் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, ஆளுக்கு ஒரு சீட்டு மட்டுமே வழங்க உத்தரவிடுமாறு மிகப் பணிவுடன் வேண்டுகிறேன். சீட்டு முறையில் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரும் வாக்களிக்கலாம் என்று கையேடு சொல்கிறது. எனவே நானும் வாக்களிப்பேன், இம்முறை ஒரு பக்கம் மட்டும். எந்தப் பக்கம் என்று வெளியிடுவது முறையாகாது. ஆயினும் விழா நாளான ஜனவரி பதினேழு, சனிக்கிழமை காலை எட்டு மணி முதல், வேட்டி சட்டையுடன் எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்றுகொண்டிருப்பேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இடம்: இர்விங்
நாள்: 9.12.1997

தங்கள் பணிவுள்ள,
கோ. சுவாமிநாதன்
(ஒரு கையால் ஒப்பமிட்டது)