மேல்தோட்டத்துக்குப் போட்ட கையெழுத்து

வோலோபேனா
6 செப்டம்பர் 2004

அன்பு மகள் எமிக்கு,

நீ கேட்டிருந்த இருமல் நின்றுவிட்டது. காபிக்கொட்டை முற்றத்தில் இரண்டு பாய் நிறையக் காய்கிறது. நீ படிக்கும் ஜோக்ஜாவுக்கு வரும் பாதிரியாரிடம் வறுத்த சோளம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். அவர் பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்தேன். சொல்லத் தயக்கமாக இருந்தது. நொறுங்கியிருந்தால் மன்னித்துக்கொள்.

ஒரு செய்தி. இதை முதலில் எழுதுவதா, கடைசியில் எழுதுவதா என்று யோசித்து நடுவில் எழுதுகிறேன். பூமிக்கடியில் இருக்கும் நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்காக ஆட்கள் வந்தார்கள். நம் மேல்தோட்டத்தில், ஊவிக் கிழங்கு போடும் இடத்தில், கிணறு தோண்ட வேண்டுமாம். படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்து, “வீட்ல பெரியவர் நீங்கதான ஐயா? இங்க போடுங்க” என்றார். போட்டுவிட்டேன். நீ படிப்பதே அந்த ஆவியைப் பற்றித்தானே, உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்தேனா என்று இப்போது தெரியவில்லை.

உன் மாமா பெனே அன்றிலிருந்து காபி குடிக்க வரவில்லை. வேலையாக இருக்கலாம்.

உன் நலம் வேண்டும்,
அப்பா கோர்னேலிஸ்


ஜோக்ஜா
19 செப்டம்பர் 2004

அப்பாவுக்கு,

கடிதம் வியாழனன்று வந்தது. மூன்று முறை படித்தேன். அந்த நடுப்பத்தி மாறவில்லை.

நம் ஊரில் வீடும் நிலமும் பெண் வழியில் வருவதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அம்மா சாகும்முன் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துத்தான் வீட்டை ஒப்படைத்தாள். நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். அந்தத் தோட்டம் உங்களுடையது இல்லை, அப்பா. நீங்கள் கல்யாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்தவர். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும்.

இங்கே விடுதியில் மூன்று வேளையும் சோறு. வந்த புதிதில் பக்கத்துக் கட்டில்காரி, “உங்க ஊர்ல கிழங்கத் தோண்டித் தின்னுதான் வளருவீங்களாமே?” என்று கேட்டாள். “சேச்சே, நாங்களும் சோறுதான்” என்றேன். இரண்டு வருடம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன ஜனவரியில் ரேபா பண்டிகையன்று, ஊரில் ஊவியை வெட்டிப் பகிரும் நேரம் இங்கே நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன். அந்தக் கிழங்கை முன்னோரின் உடம்பு என்று சொல்லி வெட்டுகிறோமே, அப்படியானால் அதை மறைத்தவள் யார்? அன்றுமுதல் கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்கிறேன். அதைச் சொல்லப் பழகிய வருடத்திலேயே தோட்டம் போகிறது.

நான் ஆவி மின்சாரத்துக்கு எதிரி இல்லை. கப்பலில் டீசல் வந்தால்தான் நமக்கு விளக்கு. அதுவும் ஆறிலிருந்து பத்துமணி வரை. அதைவிட நம் மலையே கொடுக்கும் சூடு எவ்வளவோ மேல். நம் கீழ்ச்சரிவைக் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

திட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்துவிட்டேன். அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி படிவத்தில் முத்திரை விழும். அதற்குமுன் நடக்கும் ஊர்க்கூட்டத்தில், கையெழுத்துப் போட்டவரே எழுந்து ‘எனக்கு உரிமையில்லை’ என்று சொன்னால்தான் அது செல்லாமல் போகும். மாமா சொன்னால் போதாது. நான் எழுதினாலும் போதாது. நீங்கள் போக வேண்டும்.

எமிலியானா வேயா


வோலோபேனா
2 அக்டோபர் 2004

அன்பு எமி,

நீ முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாய். கவனித்தேன்.

கூட்டம் இருபத்திரண்டாம் தேதி. அதுவரை காத்திருக்காமல் எழுத்திலேயே முடித்துவிடலாம் என்று ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆறு தடவை திருத்தினேன். திங்களன்று திட்ட அலுவலக வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். புதனன்று உள்ளேயே போனேன். குமாஸ்தா, “என்ன வேணும் பெரியவரே?” என்றான். “மணி எத்தனை?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருடம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவன் நான். ஒரு தாளைக் கொடுப்பது இத்தனை சிரமம் என்று தெரியாது.

வழியில் மாமாவைப் பார்த்தேன். பத்துப்பேர் நிற்கும்போதே கேட்டார்: “என்ன மச்சான், வர்ற ரேபாவுக்குச் சந்தையிலயா கிழங்கு வாங்கப் போறீங்க? மறக்காம ரசீது வாங்கிக்குங்க. முன்னோருங்க கேட்டா காட்டணும்ல.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கையெழுத்துப் போட்டதாக எழுதியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் இருந்தவரை நான் அவள் கணவன். அந்த வீட்டில் இருக்க அது போதும். அவள் போனபிறகு இருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. பதிலுக்குப் பயந்து நானும் கேட்கவில்லை. அந்த அதிகாரி ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தைக் காட்டி நீங்கள்தானே என்றபோது, ஒரு நிமிடம் ஆமாம் என்று இருக்க ஆசைப்பட்டேன். நிலத்தைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை.

இப்போது கூட்டத்தில் எழுந்து எனக்கு உரிமையில்லை என்று சொன்னால், மறுநாள் காலை எந்த உரிமையில் அந்த அடுப்பை மூட்டுவேன்? நான் இந்த வீட்டில் இருக்கலாமா எமி? இதற்குமட்டும் பதில் எழுது. பிறகு போகிறேன்.

அப்பா


ஜோக்ஜா
11 அக்டோபர் 2004

அப்பா,

அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுத மாட்டேன். ‘இருங்கள்’ என்று எழுதினால் அது கூலி. ‘போங்கள்’ என்று எழுதினால் மிரட்டல். முதலில் கூட்டத்துக்குப் போங்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. போன பருவத்தில் வகுப்பில் நம் மாவட்டத்தின் ஆவிக் கிணறுகளுக்கு ஒரு வரைபடம் செய்தேன். நில அளவைத்துறைத் தாளில் வெறும் புதர் என்று போட்டிருந்த இடங்களுக்கெல்லாம் மஞ்சள் வண்ணம் தீட்டி, ‘பயன்படாத நிலம்’ என்று எழுதினேன். ஆசிரியர் பாராட்டி, சுவரில் மாட்டினார். உங்கள் கடிதம் வந்தபின் போய், ஓடையிலிருந்து விரலால் அளந்து பார்த்தேன். நம் மேல்தோட்டமும் மஞ்சளில்தான் இருக்கிறது. நடந்து வளர்ந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வெள்ளியன்று வகுப்பில் எழுந்து அது தவறு என்று சொன்னேன். “அப்ப அங்க என்னதான் இருக்கு?” என்று ஒருவன் கேட்டான். “எங்க சாப்பாடு” என்றேன். சிரித்தார்கள். அதனால் யாரும் செத்துப்போவதில்லை, அப்பா.

அடுத்த கப்பல் இருபதாம் தேதிதான்; அதில் ஏறினாலும் இருபத்திரண்டாம் தேதிக்குள் நான் வந்துசேர முடியாது.

எமி


சாரா அத்தை வீடு
24 அக்டோபர் 2004

அன்பு எமி,

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கூட்டம் பத்துமணிக்கு. நான் எட்டுக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி பெயர்களைப் படித்து, “யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?” என்றார். எழுந்தேன். குரல் வரவில்லை. “என்னய்யா, மறுபடி மணி கேக்கணுமா?” என்றான் குமாஸ்தா. அந்தக் கோபத்தில் குரல் வந்துவிட்டது. அவனுக்கு நன்றி சொல்லவேண்டும்.

“இந்த நிலம் என்னோடது இல்ல. நான் அந்த வீட்டுக்குக் கல்யாணம் பண்ணி வந்தவன். கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன்” என்றேன்.

“அப்ப வீட்டுக்குத் தலைவர் யாரு?” என்றார் அதிகாரி.

“என் மக எமிலியானா.”

“அது படிக்கிற பொண்ணு. ஊர்லயே இல்லையே.”

அப்போது மாமா எழுந்தார். “அவ நிலாவுல குடியிருந்தாலும் வீடு அவளோடதுதான் சார். தபால் போகும். எங்க மச்சானுக்கு அந்த வேல நல்லாத் தெரியும்.” இந்தமுறை சிரித்தவர்களுடன் நான் சேர்ந்து சிரிக்கவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை.

என் படிவத்தின் குறுக்கே கோடு போட்டார்கள். உன் பெயரில் புதுப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். இதனுடன் இருக்கிறது. டிசம்பர்வரை நேரம். கொடு, கொடுக்காதே என்று நான் எதுவும் சொல்லவில்லை.

அன்று மதியமே அடுப்பை அணைத்துவிட்டு, மாமாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, என் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா சாவியை வாங்க மறுத்தார். அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். அத்தை என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நீ பதில் எழுதும்போது, அப்பா எங்கே போவார் என்ற கவலை குறுக்கே வரக்கூடாது. அதற்காகத்தான். வருத்தத்தில் இல்லை. கொஞ்சம் வருத்தமும் உண்டு.

அப்பா


ஜோக்ஜா
5 நவம்பர் 2004

அன்புள்ள அப்பா,

படிவத்தை நிரப்பி நேரே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். மேல்தோட்டம் இல்லை என்று எழுதினேன். கீழ்ச்சரிவு வேண்டுமானால் ஜனவரியில் நான் வரும்போது மாமாவையும் ஊரையும் வைத்துப் பேசலாம் என்று எழுதினேன். கிணற்றுநீர் ஓடைக்குள் வராமல் எப்படித் தடுப்பார்கள் என்று ஒன்பது கேள்விகள் சேர்த்திருக்கிறேன். ஆவி நல்லது என்பதற்காக அது எந்த வழியாக வந்தாலும் சரி என்று இருந்துவிட முடியாது. மஞ்சள் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள், புதியதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

என் கோபம் முழுதாகப் போகவில்லை. ஜனவரிவரை இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள்மேல் கோபப்படுவதும், உங்களை வீட்டிலிருந்து அனுப்புவதும் ஒன்று என்று எப்படி நினைத்தீர்கள்? மூன்று வருடமாக மனதில் அந்தக் கேள்வியோடு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. அது என் தவறு.

மழை இறங்கப்போகிறது என்று மாமா எழுதியிருக்கிறார். விதைக்கிழங்கு பரணில்தான் இருக்கிறதாம். முளை ஒரு விரல் நீளம் வந்துவிட்டதாம். மாமாவுக்கு அவர் மனைவி வீட்டுத் தோட்டம் இருக்கிறது, நம்முடையதையும் அவர் நடமுடியாது. நான் வருவதற்குள் பருவம் போய்விடும். நம் வீட்டில் நடுவதற்கு வேறு ஆள் இல்லை, அப்பா. சாவியை வாங்கிக்கொண்டு, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே வீட்டுக்குப் போங்கள். மேல்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் எமி