பலகையில் என் பாதி

தங்கச்சி,

டோக்கியோ மேடையில் நீ சலபார்த்தா வாசித்த வீடியோவை நம் ஊர் எர்னானியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். ஒரே மரப்பலகை, இரண்டு பேர். ஒருத்தி விடும் இடைவெளியில் மற்றவள் கோலால் அடிப்பாள். அதுதானே நம் வாத்தியம்?

என் மணிக்கட்டு முறிந்ததும், "வேற ஆளப் பாத்துக்கறேன்க்கா, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் நம்பித் தொலைத்தேன். நீயோ பழைய பதிவிலிருந்த என் அடிகளை ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருக்கிறாய்! நடுவில் உன் கோல் தவறியது. ஒலிபெருக்கி அதுபாட்டுக்கு ஓடியது. நானாக இருந்தால் உன் அடியையும் சேர்த்து அடித்துக் காப்பாற்றியிருப்பேன்.

"எங்க பாஸ்க் ஊர்ல இப்படித்தான் வாசிப்போம்" என்று சபையில் வேறு பெருமையடித்தாயே, வெட்கமாயில்லை?

என் பாதியைக் காலியாகவே விட்டிருக்கலாம். நாம் யாரென்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

வியாழக்கிழமை கட்டு அவிழ்க்கிறார்கள். அதுவரை கோலைத் தொடாதே.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி அல்ல, உன் அக்கா