அரங்குக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை

ஜூன் 3

இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன். பலகுரல் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்க எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி வந்தால் குடும்பமே என் முகத்தைத்தான் பார்க்கும். பார்த்தது. அக்கா மகள் போனில், "ஹோட்டல் நீங்களே பாத்துடுங்க மாமா. அம்மாவுக்குச் சத்தம் ஆகாது" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். சாப்பாட்டில் மட்டும் பட்டம் வாங்கியவன்.

இது சும்மா ஒரு சாப்பாடு இல்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை விமானம். அக்காவைத் தன்னோடு அழைத்துப்போய் வைத்துக்கொள்ள மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாள். அத்தான் வீட்டைவிட்டுப் போய் இத்தனை வருஷம் வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்தவள், ஒருவழியாகப் பெட்டி கட்டிவிட்டாள்.

"அப்பா பேச்ச மட்டும் எடுத்துடாதீங்க மாமா. அம்மா மனசு மாறிட்டா அவ்வளவுதான்."

நானா எடுப்பேன்? எனக்கென்ன கிறுக்கா?

ஜூன் 4

இரண்டு கடை பார்த்தாயிற்று. கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பது பெரிய ஹோட்டல். பாட்டுச் சத்தத்தில் தட்டே நடக்கிறது. மேனேஜரைக் கூப்பிட்டுச் சங்கீதம் என்றால் என்ன என்று விளக்கினேன். வாயடைத்து நின்றான். (காதில் விழாமலும் இருந்திருக்கலாம்.) இன்னொன்று மொட்டை மாடியில். லிப்ட் இல்லை. அக்காவின் முழங்காலுக்கு அது மலை.

ஜூன் 5

கிடைத்துவிட்டது! அரங்குக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு கடை. மேசைக்கு மேசை தலை உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. சூப் பிரமாதம், மீன் அதைவிட.

ஒன்றுதான் விசித்திரம். கடை நிறைய ஆட்கள், ஆனால் பேச்சே இல்லை. மெனுவில் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். ஒரு பெண் புருஷனின் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாள், அவன் தலையாட்டினான். கரண்டிச் சத்தம் மட்டும்.

"என்னப்பா, யாராவது செத்துட்டாங்களா?" என்றேன் சர்வரிடம். அத்தனை தலையும் திரும்பின.

அவன் என் காதருகே குனிந்தான். "பலகுரல் நிகழ்ச்சி இந்த மாசம் பூரா நடக்குது, முடியிற வரைக்கும் இங்க யாரும் பேச மாட்டாங்க சார். பேசினா போயிடும்."

சூப்பின் சூடு போய்விடும் என்கிறான். உண்மைதான், சூப்பைச் சுடச்சுடத்தான் குடிக்க வேண்டும். மூன்று பேருக்கு மேசை சொல்லிவிட்டு வந்தேன். மகளிடம், முதலாளி எனக்குப் பழைய சிநேகிதர் என்று சொல்லி வைத்தேன். ஒரு கெத்துக்குத்தான்.

ஜூன் 8, காலை



நேற்று அந்தக் கடையில் உட்கார்ந்தோம். அதே மௌனம். எனக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது, உடம்பு அரிக்கும். நானாக ஆரம்பிக்கவில்லை – அக்காதான் கேட்டாள். "அன்னிக்கு வாசல்ல நீ ஒருத்தன்தான இருந்த. கடைசியா என்னடா சொன்னாரு? இன்னொரு தடவ சொல்லு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுக்கிறேன்."

மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். என்ன செய்ய? கேட்டால் சொல்லாமல் இருக்கிற ஜாதியா நான்? அத்தான் மாதிரியே குரலைக் கட்டையாக்கிச் சொன்னேன்: "அவளைச் சாப்பிடச் சொல்லு. நான் வந்துடறேன்."

கரண்டிகள் நின்றன. எங்கள் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒல்லியான ஒருவர் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போனார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, முடிஞ்சுது. வாங்க போலாம்" என்றாள். மகள் முகத்தில் உயிர் வந்தது.

அரங்கில் மேடைக்கு வந்தவர் அதே ஒல்லி மனிதர்.

கடைசியில் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். கும்மிருட்டு. அங்கங்கே குரல்கள் கிளம்பின – குழந்தை, கிழவர், யாரோ ஒரு பெண். கூட்டம் சிரித்தது. அப்புறம் எங்களுக்கு மிக அருகில், இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடைபாதைப் பக்கம், ஒருவர் தொண்டையைச் செருமினார். சின்னதாக இரண்டு செருமல். பேசுவதற்கு முன்னால் அத்தான் செருமுவாரே, அது.

"அவளைச் சாப்பிடச் சொல்லு. நான் வந்துடறேன்."

பக்கத்தில் அக்கா எழுந்து நிற்பது தெரிந்தது. "இங்கதாங்க இருக்கேன்" என்றாள் இருட்டைப் பார்த்து. கூட்டம் கைதட்டியது.

ஜூன் 8, மாலை

மகள் தனியாகத்தான் விமானம் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 9

நேரே அந்தக் கடைக்குப் போனேன். பலகுரல்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பெரிய சண்டைக்காரன் என்று ஊருக்கே தெரியும், ஆனால் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் உட்கார்ந்தேன். "யாரைக் கேட்டு அந்தக் குரலை எடுத்தீங்க?" என்றேன் மெதுவாக.

"நீங்கதான சார் குடுத்தீங்க? எல்லாரும் வாய மூடிட்டாங்க, எனக்குக் கிடைக்கிறது உங்கள மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர்தான். நீங்க பேசினத அப்படியே போட்டேன்."

"அந்தச் செருமல்? அத நான் பண்ணிக் காட்டலையே."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன செருமல்?"

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. மீதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூன் 12

நிகழ்ச்சியைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு அவர் ஊரைவிட்டுப் போய்விட்டாராம்.

ஜூன் 24

கடையில் இப்போது எல்லோரும் சத்தமாகப் பேசுகிறார்கள். அக்கா மட்டும் பேசுவதில்லை. தினமும் மாலையில் அதே மேசை. மெனுவில் விரலை வைத்துக் காட்டுகிறாள். நிதானமாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள். முகத்தில் சதை பிடித்திருக்கிறது. பத்து வயது குறைந்தவள் போல, மேசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதைப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படி அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எட்டி என் வாயைப் பொத்தினாள். சந்துக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"நீ சொன்னப்போ ஒரு நாளும் நான் நம்பலடா. உன் வாய்ல எலி யானையாகும்னு எனக்குத் தெரியாதா? நீ சும்மா சொல்றேன்னு நெனச்சுதான் ஊருக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டேன். இப்போ அவர் வாயாலயே கேட்டுட்டேனே."

"அக்கா, அது –"

"உன்மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுடுடா."

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அத்தான் அப்படிச் சொல்லவே இல்லை. அன்று செருப்பை மாட்டினார், வாசலில் இருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். வாயே திறக்கவில்லை. மறுநாளும் அக்கா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் சாப்பிடட்டுமே என்று நான்தான் சொன்னேன்.