அனுஷா படிக்கும் படிப்புக்கு நான் போட்ட மதிப்பெண்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

எங்கள் பத்திரிகைக்காக நாங்கள் ஒப்பிட்டு மதிப்பெண் போடும் ஆறு தொலைநிலைப் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகளில் இரண்டுக்குக் களப்பயிற்சியே கிடையாது. ஆதாரம்: அவர்களே மாணவருக்குக் கொடுக்கும் கையேடு. மீதி நான்கில் ஒன்று அனுஷா படிப்பது.

இருபத்துநான்கு வருடமாகச் சுகாதாரச் செய்தி எழுதுகிறேன். அவள் ஐந்து வருடம். பத்திரிகையில் காலியாகும் சுகாதாரப் பக்க ஆசிரியர் பதவிக்கு இருவருமே விண்ணப்பித்திருக்கிறோம். நான் வெறும் பி.ஏ. செய்தி ஆசிரியர் நாகேஷ் இன்று காபி மெஷின் பக்கத்தில், "அனுஷாவுக்கு டிகிரி வருதுல்ல சார், அது ப்ளஸ்," என்றார். என்னிடமே சொன்னார்!

6, செவ்வாய்

அனுஷா வந்தாள். "சார், என் யூனிவர்சிட்டியும் லிஸ்ட்ல இருக்காமே? பாத்துப் போடுங்க, எனக்கு இன்னும் ஒரு பரீட்சை பாக்கி இருக்கு." சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பதுகூடப் பிடிக்கவில்லை — என்ன மனுஷன் நான்?

8, வியாழன்

என் விதி: ஒரு படிப்புக்கு மூன்று பழைய மாணவர்கள், பல்கலைக்கழகம் கொடுக்கும் பெயர்கள் கூடாது. ஐந்து படிப்புகளுக்குப் பதினைந்து பேரிடம் பேசியாயிற்று. அவளுடையதற்கு ஒருவர் மட்டும் — எரிக், முதல் செமஸ்டரிலேயே விட்டவர். "டைம் வேஸ்ட் சார், போன் பண்ணா எவனும் எடுக்க மாட்டான்."

போதும் என்று தோன்றியது. பத்துக்கு மூன்று. ஐந்தாம் இடம். களப்பயிற்சியே இல்லாத ஒன்றுக்கும் கீழே.

9, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன்.

10, சனி

டெங்கு செய்திக்காக ஈஜிபுரா பகுதிக்குப் போனேன். வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர் யசோதா, பத்திரிகைப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தார்.

"அனுஷா ஆபீசா? படிப்புக்காக ஆறு வாரம் எங்கூட தொட்டி தொட்டியா எட்டிப் பாத்துச்சு சார் அந்தப் பொண்ணு. அவங்க டீச்சரம்மா ரெண்டு வாட்டி வந்து, நோட்ட வச்சிக்கினு வூடு வூடா சரி பாத்தாங்க. தப்பா எழுதின பத்து வூட்டுக்குத் திரும்ப அனுப்சாங்க. நீங்க இன்னா, கேட்டாண்டயே நிக்கிறீங்க? வந்து ஒரு தொட்டியாச்சும் பாருங்க."

பார்த்தேன். கொசுப்புழு நெளிந்தது. இத்தனை வருடம் டெங்கு எழுதியும் நேரில் பார்த்ததில்லை. இதையும் எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. வெட்கம் பஸ்ஸில் ஏறிய பிறகு.

12, திங்கள்

நாகேஷிடம் சொன்னேன். "ஒரே ஆளைக் கேட்டுட்டு மார்க் போட்டுட்டேன்."

"நீங்களா? ஏன் சார்?"

"அனுஷா படிக்கிறதுன்னுதான்."

பேனாவை மூடி வைத்தார். "விடுங்க. அதை ரகுராம் பாக்கட்டும்."

14, புதன்

பக்கத்து மேஜை ரகுராம் இரண்டு பழைய மாணவர்களிடம் பேசிவிட்டார். பாடம் நடத்தும் ஆசிரியர் களத்துக்கு வந்தார் என்று இருவருமே சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் போனை யாரும் எடுப்பதில்லை என்பதையும் சொல்கிறார்கள். எரிக் சொன்னது பொய்யில்லை. இப்போதைக்கு ஏழு, இரண்டாம் இடம். போட்டவர் ரகுராம்.

மூன்றாமவர் நாளை பேசுவார். தேர்ச்சி விகிதம் வரவில்லை. வெள்ளி மாலை தருவதாகப் பதிவாளர் சொன்னார். சுகாதார ஆசிரியர் யார் என்பது திங்கட்கிழமை தெரியும். என் விண்ணப்பத்தை நான் திரும்ப வாங்கவில்லை.