தூதரகத்தை மாற்றும் அணியில் நான்

17 ஒக்டோபர் 2018, புதன்

இஸ்ரேலில் உள்ள நமது தூதரகத்தை டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு மாற்றலாமா என்று ஆஸ்திரேலிய அரசாங்கம் யோசிக்கிறதாம். சனிக்கிழமை சிட்னியில் ஓர் இடைத்தேர்தல். அதற்கு நாலு நாள் முன்னால்தான் இந்த யோசனை வந்திருக்கிறது! இரண்டு தரப்பும் தங்களுடையது என்று சொல்லும் நகரம். அவர்கள் பேசித் தீர்க்கும்வரை இவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தால் என்ன?

எங்கள் ஊர் வெரிபீ நூலகத்தில் இதைப்பற்றி உள்ள புத்தகங்களில் முக்கால்வாசியைப் படித்துவிட்டேன். எனக்குப் படிப்பித்தவர் ஒருவருமில்லை. அதனால் என்னைக் குழப்பியவரும் ஒருவருமில்லை.

"இஞ்சேருங்கோ, ஏன் டிவியோட கத்துறியள்? அவை உங்களைக் கேட்டவையே?" என்றாள் என் மனைவி தவம்.

கேட்டிருக்க வேண்டும்.

20 ஒக்டோபர், சனி

அரசாங்கக் கட்சி தோற்கிறது. பாயசம் வைக்கச் சொன்னேன். தவம் மறுத்துவிட்டாள்.

28 ஒக்டோபர், ஞாயிறு

எங்கள் முதியோர் சங்கத்துத் தீபாவளிப் பட்டிமன்றத்துக்கு இன்று அணி பிரித்தார்கள். "தூதரகத்தை மாற்றுவதா, வேண்டாமா?" தலைப்புக் கொடுத்தவன் நான். சீட்டு எடுத்துத்தான் அணி பிரிக்க வேண்டும், எடுத்த பிறகு மாறக் கூடாது என்று போன வருடம் விதி கொண்டுவந்தவனும் நான்.

என் சீட்டில் "மாற்ற வேண்டும்" என்று இருந்தது.

"இது பிழையான சீட்டு. வேறை தாரும்" என்றேன் தலைவர் சச்சிதானந்தனிடம்.

"உம்மடை விதிதானே ஐசே! போய்ப் பேச்சைத் தயார் பண்ணும்."

சங்கத்தை விட்டே விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனச்சாட்சிக்கு எதிராக நான் பேசுவதா?

29 ஒக்டோபர், திங்கள்

காலையில் குசினியைக் கூட்டிக்கொண்டே தவம் சொன்னாள்: "வெல்லுற அணியை டிசம்பரிலை பிளாக்டவுன் சங்கம் அங்கை பேசக் கூப்பிடுதாம். பஸ் விடுகினமாம்." கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

பத்து மணி நேரத் தூரத்தில், சிட்னிப் பக்கத்துப் பிளாக்டவுனில் என் மகன் லதீஸ் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் அவன் புது வீடு குடிபூரலில், அத்தனை விருந்தாளிகளுக்கும் முன்னால், "அப்பா, அரசியல் கதைச்சது காணும். வாயை மூடுங்கோ" என்றான். நீ நேரில் வந்து கூப்பிடும்வரைக்கும் உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். அவன் போனில் கூப்பிட்டான். போன் எப்படி நேரில் ஆகும்? பேத்தி துவாரகாவுக்கு இப்போது ஐந்து வயது. தவம் போனைப் பிடித்து அவளோடு வீடியோவில் பேசும்போது பக்கவாட்டில் பார்ப்பேன். பாதி முகம் தெரியும்.

மகனைப் பார்க்க நான் போகவில்லை. சங்கம் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பிளாக்டவுனில் இறக்கினால் அது சங்கத்தின் பொறுப்பு.

சச்சிதானந்தனுக்குப் போன் பண்ணினேன். விலகல் வாபஸ்.

17 நவம்பர், சனி

வென்றுவிட்டோம். "கன்பரா குளிருது, நான் சிட்னியிலைதான் தூதரகம் வைப்பன் எண்டு ஒரு நாடு சொன்னால் நாங்கள் விடுவமோ? தலைநகர் எது எண்டு வீட்டுக்காரன் அல்லவோ சொல்ல வேணும்!" என்று போட்டேன் ஒரு போடு. மண்டபம் அதிர்ந்தது. நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எனக்கு நானே மறுப்பு எழுதினேன். அதிலும் நான்தான் வென்றேன்.

15 டிசம்பர், சனி. பஸ்ஸில்

ரேடியோவில் செய்தி. மேற்கு ஜெருசலேமைத் தலைநகராக ஏற்கிறார்களாம், ஆனால் சமாதானம் வரும்வரை தூதரகம் நகராதாம். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் பிறகு பார்ப்போம் என்கிற மாதிரி.

"தலைப்பே முடிஞ்சு போச்சு. திரும்பிப் போவமோ?" என்றார் சச்சிதானந்தன்.

ஐயோ! திரும்புவதா? பாதி வழி தாண்டி யாஸ் என்ற ஊர் வரும்வரை நின்றுகொண்டே வாதாடினேன். பஸ் திரும்பவில்லை.

16 டிசம்பர், ஞாயிறு. பிளாக்டவுன்

நேற்று நன்றாகத்தான் பேசினேன். நடுவர் மீனாம்பாள், சென்னைக்காரி, "சபையிலேர்ந்து ஒரே ஒரு கேள்வி. யாராவது?" என்றார்.

கடைசி வரிசையில் லதீஸ் எழுந்தான். தோளில் துவாரகா.

"ஐயாவிட்டை ஒரு கேள்வி. ரெண்டு பேருக்கு வேலிச் சண்டை. சமாதானம் பேச வந்தவர் ஒருத்தன்ரை விறாந்தையிலை போய்க் கதிரையைப் போட்டு இருந்தால், மற்றவன் அவரை நம்புவானோ?"

அது என் வசனம்! தவம் இவனோடு போனில் பேசும்போதெல்லாம் பின்னால் நின்று நான் கத்தினது. அப்படியென்றால் — இவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்?

மறுமொழி மூன்று கைவசம் இருந்தது. ஒன்றைச் சொன்னாலும் வெற்றி. சச்சிதானந்தன் பின்னாலிருந்து, "சொல்லும் ஐசே, சொல்லும்" என்று சட்டையை இழுத்தார்.

"அந்தப் பிள்ளை சொல்லுறதுதான் சரி" என்றேன்.

"என்ன சார், உங்க அணியை நீங்களே கவுத்துட்டீங்களே!" என்றார் மீனாம்பாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அது ஒக்டோபரிலிருந்தே என் கருத்து.

முடிந்ததும் மண்டப வாசலில் லதீஸ் வந்து நின்றான். நேரில். "வாங்கோ அப்பா, வீட்டை போவம்."

"யூ லாஸ்ட், அப்பப்பா" என்றாள் துவாரகா. முழு முகம்.

சங்கத்து பஸ் இன்று காலை வெரிபீக்குப் புறப்பட்டுவிட்டது. சச்சிதானந்தன் எனக்காகக் காத்திருக்கவில்லையாம். தவத்துக்குப் போன் பண்ணி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன், வேறு வழியில்லை என்றேன்.

"ஓம், ஓம்" என்றாள். அடுத்த பஸ் எப்போது என்று அவள் கேட்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.