என் வீட்டு ஒட்டடை

1934 மார்ச் 20
பிரிக்பீல்ட்ஸ்.
வேலை விட்டு வந்தேன். வாசலில் விளக்கு மாட்டும் கம்பியில் நார் தொங்குகிறது. என் சம்சாரம் மாரியாயி செத்த பிறகு அந்தக் கம்பியில் விளக்கு ஏறவில்லை. யார் வரப்போகிறார்கள் என்று வெளிச்சம்?
உற்றுப் பார்த்தால் தேன்சிட்டு. கூடு கட்டுகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 24
பெண் சிட்டுதான் பாடுபடுகிறது. நார், பஞ்சு, சருகு – எல்லாவற்றையும் என் வீட்டு மூலையில் எடுத்த ஒட்டடையை வைத்து ஒட்டுகிறது. ஆண் மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு முருங்கைக் கிளையில் கத்துகிறது. ரயில்வேயில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் மாதிரியே. பெயரும் அதுதான் வைத்தேன்.
பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வேலியோரம் கேட்டாள்: “என்னண்ணே, தனியா சிரிக்கிறீங்க?”
“வருசப் பிறப்பு வரட்டும் தங்கச்சி, சொல்றேன்.”
குஞ்சு பொரித்ததும் காட்டி அசத்த வேண்டும்.

ஏப்ரல் 4
கூடு முடிந்தது. பக்கவாட்டில் வாசல், மழைக்கு மேலே ஒரு கூரை வேறு. கீழே வால் மாதிரி குப்பை. பெண் உள்ளே உட்கார்ந்து அலகை மட்டும் நீட்டுகிறது. “சாப்பிட்டியா?” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏப்ரல் 12
நாளைக்கு வருசப் பிறப்பு. வந்து பார்த்தால் வீடு பளிச்சென்று இருக்கிறது. கம்பியில் ஒன்றுமில்லை. புஷ்பவல்லி ஒட்டடைக் கம்போடு நிற்கிறாள். “பொம்பள இல்லாத வீடு, நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கிடக்கலாமாண்ணே? வாசக் கம்பியில ஒரு பெரிய ஒட்டடைக் கொத்தே தொங்குச்சு.”
குப்பையைக் கிளறினேன். ரெண்டு முட்டை. உடைஞ்சு போச்சு.
எப்பவும் வர்ற கேலி இன்னைக்கு வாயில வரல. “உன்னை யாரு கூப்பிட்டா? ஒரு குடும்பத்தையே கூட்டித் தள்ளிட்டியே”ன்னு கத்திட்டேன். கம்பைச் சுவத்துல சாத்திட்டுப் போயிட்டா.
நான்தானே சொல்லாம வச்சிருந்தேன்? அவகிட்ட ஏன் கத்தினேன்?

ஏப்ரல் 13
வருசா வருசம் வேலிக்கு மேலே பாயசக் கிண்ணம் வரும். வரவில்லை. இரண்டு தரம் இருமிப் பார்த்தேன்.

ஏப்ரல் 21
நாள் முழுக்க ஒரு பேச்சு இல்லை. மண்டோரும் வரவில்லை. சிலந்தி மட்டும் பழைய மூலையில் திரும்பக் கட்டிவிட்டது. அதற்கு என் மேல் கோபம் இல்லை போலும்.

ஏப்ரல் 29
சமையல்கட்டு ஜன்னலில் பெண் சிட்டு. மூலை ஒட்டடையை அலகில் சுருட்டிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே ஓடினேன். வேலி தாண்டி, புஷ்பவல்லி வீட்டுத் துணிக்கொடியில் நார் தொங்குகிறது. அவள் ஈரத்துணி வாளியோடு அண்ணாந்து நிற்கிறாள். கொடியில் ஒரு துணியும் இல்லை. என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மே 3
அவள் வீட்டுத் துணியெல்லாம் வேலி மேல் காய்கிறது. காலையில் சத்தம்.
“அண்ணே.”
“ம்.”
“எங்க வீட்டுல ஒட்டடை ஏது? அது உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடையா நடக்குது. நீங்க பாட்டுக்குக் கூட்டித் தொலைச்சிடாதீங்க.”
“நான் எந்தக் காலத்துல கூட்டினேன், தங்கச்சி?”
சிரிப்பை முந்தானையில் மறைத்தாள்.
“அன்னைக்கு நான்...” என்றேன்.
“சாயங்காலம் பாயசம் வைக்கிறேன். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டதும் கொண்டாறேன். இருட்டிடும், முழிச்சிருங்க.”

அதே நாள், பொழுது சாய
விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றினேன். வாசல் கம்பியில் மாட்டினேன். படி தெரிய வேண்டுமே.