முப்பத்தேழாம் நம்பர் கம்மல்

எல் தெகொலோத்தே
பிப்ரவரி 9, 1986

மதிப்புக்குரிய டாக்டரம்மா அம்பாரோ அவர்களுக்கு,

நான் நலம். நாய் கப்பித்தானும் நலம், உங்களைக் காணாமல் கொஞ்சம் இளைத்திருக்கிறது. நகரத்துக்குப் போனதும் எங்களை மறந்துவிட்டீர்கள். நாலு வருஷம் விடிந்ததும் விடியாததுமாக உங்கள் ஆராய்ச்சிக்கான தகரப் பொறிப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு இந்தக் குன்றில் ஏறி இறங்கினோமே! ஒவ்வொரு காட்டெலியையும் எடை போட்டு, காதில் நம்பர் தகடு மாட்டி, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்ப விடுவீர்கள். அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஊரில் அந்தத் தகட்டுக்கு 'டாக்டரம்மா கம்மல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கம்மல் போட்ட எலியைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை, கம்மலையும் பிடித்த இடத்தையும் அனுப்புங்கள் என்றீர்கள். இதோ, எண் 37. என் பக்கத்துச் சரிவில், கருவேல மரத்தடியில் போன மாதம் பிடித்தேன். தோலுரிக்கும்போதுதான் கம்மலைப் பார்த்தேன். சூப் நன்றாக இருந்தது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
நிக்கனோர்

சான் லூயிஸ்
பிப்ரவரி 20, 1986

அன்புள்ள தோன் நிக்கனோர்,

மறக்கவில்லை. உங்கள் மிளகாய்ச் சட்னிக்காகவாவது நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். 37 பெண் எலி. நாலு வருஷத்தில் அறுபத்தொரு தடவை என் பெட்டியில் விழுந்தாள், அத்தனை தடவையும் ஓடையில் எலிகள் குச்சி அடுக்கிக் கட்டிய அந்தப் பெரிய வீட்டைச் சுற்றி ஐம்பது தப்படிக்குள்தான். மகன்கள்தான் ஊர் சுற்றுவார்கள். மகள்கள் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள். 37 தன் தாயின் வீட்டில் இருந்தாள், அவள் மகள் 52 அடுத்த புதரில். ஒருத்தி வீட்டுக்குள் இன்னொருத்தியைச் சேர்க்கமாட்டாள், ஆனால் விட்டுத் தூரமும் போகமாட்டாள். உங்கள் சரிவு அங்கிருந்து அரை மணி நடை.

அந்தப் பெரிய வீடு ஒருமுறை தரைமட்டமாகக் கிடந்ததாம். குச்சி குச்சியாகத் தானே திரும்ப அடுக்கியதாக உங்கள் அண்ணன் லடிஸ்லாவோ சொன்னார். யார் இடித்தது என்று கேட்டேன், காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

எந்த எலி எங்கே வாழ்கிறது என்ற வரைபடத்தை முடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு புள்ளி தப்பானாலும் நாலு வருஷ வேலை வீண். உண்மையான இடத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்பாரோ

எல் தெகொலோத்தே
மார்ச் 2, 1986

டாக்டரம்மாவுக்கு,

பொய்தான் சொன்னேன். ஜனவரியில் எனக்கு மார்ச்சளி, காய்ச்சல். தனிக்கட்டை, நாலு நாள் அடுப்பே மூட்டவில்லை. ஒரு காலையில் வாசலில் ஒரு பானை எலி சூப் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. குடித்து முடித்தால் அடியில் உங்கள் கம்மல். யாரோ இரக்கப்பட்டு ஊற்றியதைக் குடித்தேன் என்று உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது.

அந்த வீட்டை இடித்தது நான்தான். எலியை எடுத்தால் வீட்டை மூடி வைக்கவேண்டும், குட்டி போட்டிருக்கும் தாயைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் கொக்கிக் கம்பியால் எல்லாவற்றையும் சரித்து, குட்டிகளோடு அள்ளினேன். அண்ணன் பார்த்துவிட்டார். "உனக்கு இருக்கிறது பசியில்லடா, வெறி"ன்னார். "இது என்ன உன் மாமியார் வீடா?"ன்னேன். அன்றோடு குன்றைப் பிரித்துக்கொண்டோம், ஓடை அவருக்கு, சரிவு எனக்கு. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை.

அதற்கு முன்னால் அவர் கம்பியால் குத்துவார், நான் வளை வாயில் நாயோடு காத்திருப்பேன். "வருதுடா, வருது!" என்று அவர் கத்துவது இப்போதும் சில காலைகளில் காதில் விழுகிறது.

ஓடையில் அவரைத் தவிர யாரும் வேட்டையாடுவதில்லை. அதனால் உங்கள் வரைபடம்தான் தப்பு. அவர் எனக்குச் சூப் வைக்கமாட்டார். திரும்பப் பாருங்கள்.

நிக்கனோர்

சான் லூயிஸ்
மார்ச் 11, 1986

தோன் நிக்கனோர்,

மூன்று தடவை பார்த்துவிட்டேன், வரைபடம் சரி.

ஒரு சந்தேகம். தோலுரிக்கும்போது காதும் தோலோடு போய்விடும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். அப்படியானால் கம்மல் எப்படிப் பானைக்குள் வந்தது?

அம்பாரோ

எல் தெகொலோத்தே
மார்ச் 23, 1986

அன்புள்ள டாக்டரம்மா,

உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். பிறகு பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி சோனாதான் முதலில் பார்த்தாள். "பானையக் கொண்டாந்தியா? எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு."

அண்ணன் முழங்காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். கிழடாகிவிட்டார். என்னைப் பார்த்து, "கம்மலக் கடிச்சுப் பல்லு போயிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"இருக்கிறதே ஆறு. அதுக்கும் குறி வச்சியா?"

"நீ பள்ளிக்கூடம் போனே, எழுதுவே. நான் என்னத்த எழுத? கம்மலப் போட்டா நீ அந்தம்மாவுக்கு எழுதுவே, அந்தம்மா இடத்தச் சொல்லும். ரெண்டு மாசமாச்சுடா. தபால் இம்புட்டு மெதுவாவா போகும்?"

"தபால் ஒழுங்காத்தான் போச்சு. நான்தான் மெதுவு."

அண்ணி அடுப்பிலிருந்து சொன்னாள்: "இந்தக் கால வச்சுக்கிட்டு ஓடையில எறங்குனாரு. ஏறி வர ஒரு பகல் ஆச்சு. பக்கத்துல வேற எலியே இல்லியான்னேன். அந்த வீட்டு எலிதான் வேணும்னுட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, டாக்டரம்மா. அண்ணன் சோள ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு எங்கோ பார்த்தார்.

இனி அவரால் ஓடைக்கு இறங்க முடியாது. மறுநாள் காலை என்னைத்தான் போய்ப் பார்த்துவரச் சொன்னார். பெரிய வீடு இடுப்பளவு உயரம் நிற்கிறது. வாசலில் அப்போதுதான் கடித்துப் போட்ட சப்பாத்திக்கள்ளித் துண்டு, ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே ஒரு மூக்கு, அதற்கு மேலே உங்கள் கம்மல் மினுங்கியது. 52 தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். வீட்டின் மேலே என் பங்குக்கு ஒரு காய்ந்த கிளையை வைத்துவிட்டு, கம்பியை வெளியிலேயே எடுக்காமல் திரும்பினேன்.

உங்கள் வரைபடத்துக்கு:

எண் 37.
இடம்: ஓடை, பெரிய வீடு.
பிடித்தவர்: லடிஸ்லாவோ.
சாப்பிட்டவர்: அவர் தம்பி.

நிக்கனோர்